நடையைப் படிக்கப் போனேன்

பல்கலைக்கழகத்தில் சமூகவியலை நான் தேடிப் போகவில்லை. கேட்ட பாடங்கள் கிடைக்காததால் அது என்னிடம் வந்தது. இரண்டாம் வருடத்தில் ஒரு பிரெஞ்சு அறிஞரைப் படித்தோம். போன நூற்றாண்டின் தொடக்கத்தவர். படத்தில் நல்ல தாடி. ஊர் ஊராக அலையாமல், மற்றவர்கள் போய்ப் பார்த்து எழுதியதை வாசித்தே உலகத்துச் சனங்களைப் பற்றி எழுதியவர் என்றார்கள். அந்த வசதிக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

நடப்பது, நீந்துவது, குந்துவது எதுவும் தானாக வருவதில்லை, வளர்கிற சமூகம்தான் உடம்பைப் பழக்குகிறது என்பது அவருடைய கருத்து. இதில் ஒன்றை நேரில் பார்த்து வந்து வகுப்பில் சொல்லும்படி விரிவுரையாளர் பணித்தார். நீச்சல் என்றால் வாவிக்குள் இறங்க வேண்டும். நடைக்குச் செருப்புப் போதும். நான் நடையை எடுத்துக்கொண்டேன்.

ஆட்கள் நிறைய நடக்கிற இடம் வேண்டுமென்று பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். கடைத்தெருவில் ஒருவர் என் கண்ணில் பட்டார். ஐம்பதைத் தாண்டிய, வயிறு முன்னே போகிற மனிதர். போட்டிருந்தது நீளக் காற்சட்டை. ஆனால் இடது கை மட்டும் தொடைப் பக்கம் எதையோ தூக்கிப் பிடிப்பதுபோலவே வந்தது. அவருக்குப் பின்னால் நடந்தேன். அவர் நின்றால் நானும் நின்று ஏதாவது கடையைப் பார்த்தேன். கடைசியில் அவர் ஒரு புடைவைக் கடைக்குள் போனார். நானும் போனேன். அது அவருடைய கடைதான்.

"என்ன மகள், பள்ளியடியில இருந்து எனக்குப் பின்னாலயே வாறீங்க. சி.ஐ.டி.யா?" என்றார். குரலில் பகிடி இருந்தது. முழுக்கப் பகிடியும் இல்லை. போர் நடந்த எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்ப முடியாது.

"இல்ல மாமா, கெம்பஸ்ல படிக்கிறன். உங்கட நடையப் பார்க்கத்தான் வந்தன்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று விளங்கியது. காசு மேசைக்குப் பின்னாலிருந்த அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்தார். நான் அவசரமாகப் பிரெஞ்சுக்காரரை இழுத்தேன். நடையெல்லாம் நாம் பார்த்துப் பழகியது என்று அவர் எழுதியிருக்கிறார் என்றேன்.

"நான் ஆருக்கிட்டயும் பழகல்ல. இது என்ட சொந்த நடை" என்றார் கடைக்காரர்.

மனைவி சிரித்தார். "சொந்த நடையாம். இவர்ர வாப்பா சாகுமட்டும் சாறன்தான் உடுத்தவர். அதின்ட நுனியத் தூக்கிப் புடிச்சிட்டுத்தான் நடப்பார். இவர் கல்யாணத்துக்குக் கோட்டுப் போட்டு வந்தும் கை அங்கதான் நிண்டது."

"நீ கல்யாணத்தண்டு என்ட கையையா பார்த்த?"

"வேற என்னத்தப் பார்க்க? முகத்தத்தான் ஆக்கள் மறைச்சிட்டு நிண்டாங்களே."

கடைக்காரர் தன் கையைப் பார்த்தார். காற்சட்டைப் பைக்குள் வைத்தார், எடுத்தார், பின்னால் கட்டினார். எங்கும் அதற்கு இடம் சரிவரவில்லை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போது அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எந்த ஊர், மகள்?"

"கரடியனாறு."

"அதான் பார்த்தன். உள்ளுக்கு வரக்குள்ள ஒரு காலுக்கு நேர முன்னால மற்றக் கால வெச்சு வந்தீங்க. கடை இவ்வளவு அகலமாக் கிடக்கு."

எங்கள் வட்டையில் வயலுக்கு நடுவே ஒற்றையடி வரம்பில் நடந்து வளர்ந்தவள் நான். பிசகினால் சேறு. தார் ரோட்டிலும் சேற்றுக்குப் பயந்தே நடந்திருக்கிறேன் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. கடைக்காரர் மிகுந்த திருப்தியோடு எனக்கு நெக்டோ சோடா எடுப்பித்துத் தந்தார்.

வகுப்பில் இதை அப்படியே சொன்னேன். விரிவுரையாளருக்குச் சந்தோஷம். "எங்க, முன்னால வந்து நடந்து காட்டுங்க" என்றார்.

நடந்தேன். எல்லாரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் வலது காலோடு வலது கையும் சேர்ந்து போனது. வகுப்பே சிரித்தது.

"இயல்பா நடங்க" என்றார் அவர்.

"சேர், அப்பிடி ஒண்டு இல்லையெண்டுதானே அந்தப் பிரெஞ்சுக்காரர் எழுதியிருக்கார்."

விரிவுரையாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, போய் இருக்கச் சொன்னார். புள்ளி நன்றாகவே வந்தது. யோசிக்காமல் நடக்கத்தான் எனக்குக் கன நாள் எடுத்தது.