கிருபாபாய் டீச்சருக்கு டயாதெர்மி கொடுத்த கதை

எழுபத்தாறாம் வருஷம் கிருபாபாய் டீச்சருக்கு வலது தோள் இறுகிப்போனது. மில்லர்புரத்தில் வீடு. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதலில் கரும்பலகையின் மேல்பாதியைக் கைவிட்டார். பிறகு தலை சீவ முடியாமல் போயிற்று. அவர் கணவர் அருமைநாயகம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தார். ஆபீசுக்குக் கிளம்புமுன் அவர்தான் மனைவிக்குப் பின்னல் போட்டுவிடுவார். அது கோணலாகத்தான் வரும். ஸ்டாஃப் ரூமில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்காததே டீச்சருக்குக் கூச்சமாக இருந்தது.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த எலும்பு டாக்டர் தோளை அசைத்துப் பார்த்தார். மாத்திரை மட்டும் போதாது, டயாதெர்மி கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் டீச்சர் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தார். டயாமீட்டர் தெரியும், வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஊடுருவிப் போகிற கோடு. தெர்மாமீட்டரும் தெர்மாஸ் பிளாஸ்க்கும் எல்லோருக்கும் தெரிந்தவை. டயா, தெர்ம் இரண்டும் கிரேக்கச் சொல், தெர்ம் என்றால் சூடு என்று காலேஜில் படித்தது நினைவிருந்தது. அப்படியானால் சூட்டைத் தோளின் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுப்பார்களா? எதை வைத்து? பழுக்கக் காய்ச்சிய கம்பியா?

பக்கத்து வீட்டு ரோஸ் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளிடம் போய்க் கேட்டார்.

ரோஸ் குரலைத் தாழ்த்தினாள். "கரண்ட் வச்சுச் சுடுததுலா டீச்சர் அது. வெட்டுன எடத்துல ரத்தம் நிக்கதுக்குச் சுடுவாங்க. அந்தக் கருகுன வாடை வீட்டுக்கு வந்த பிறவும் மூக்கை விட்டுப் போவாது."

ரோஸ் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் வினையாகிவிட்டது.

டாக்டர் மெட்ராஸ் போயிருக்கிறார் என்று டீச்சர் கணவரிடம் சொல்லிவிட்டார். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். கொடுக்கும்வரை இதமாக இருக்கும், ஆறியதும் வலி திரும்பிவிடும். ஒருநாள் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கை எழும்பாமல், டிரைவர் பிரேக் போட்டபோது முன்னால் போய் விழுந்தார். முழங்கால் இரண்டும் சிராய்த்துவிட்டது.

காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே அருமைநாயகம் சொன்னார். "டாக்டரை இன்னைக்குத் தபாலாபீசுல பார்த்தேன். மெட்ராசுக்கே போகலையாம்."

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். கேட்ட அருமைநாயகத்துக்கும் பயம்தான். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"வெட்டணும்னா வெட்டட்டும். நான் கூட வாரேன்," என்றார்.

ஆபரேஷன் என்றே முடிவு கட்டி, டீச்சர் மறுநாள் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். டாக்டர் அவரை ஒரு சின்ன அறைக்கு அனுப்பினார். அங்கே அய்யாக்குட்டி என்பவர் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலி, வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொன்னார். டீச்சருக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. நகையைக் கைக்குட்டையில் முடிந்து கணவர் கையில் கொடுத்தார்.

தோளுக்கு முன்னால் மெஷினின் வயர் பொருத்திய ஒரு பட்டை, பின்னால் ஒரு பட்டை, இடையில் துண்டு. மெஷின் மெல்ல இரைந்தது. சுட்டால் உடனே சொல்ல வேண்டும், தாங்கிக்கொண்டு இருக்கக் கூடாது என்றார் அய்யாக்குட்டி. டீச்சர் கண்ணை மூடி ஜெபம் செய்தார். தோளுக்குள்ளே எங்கோ ஆழத்தில் வெதுவெதுப்பு ஊறியது. உப்பு ஒத்தடம் எட்டவே எட்டாத இடம் அது. கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது.

"முடிஞ்சிட்டு டீச்சர், எந்திரிங்க."

"இனிமேத்தான் வெட்டுவீங்களா?"

அய்யாக்குட்டிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்காமல் பதில் சொன்னார். "பேரு ஒண்ணுதான் டீச்சர். தியேட்டர்ல ஊசிமுனை மாதிரி ஒரே எடத்துல கரண்டைக் குவிப்பாங்க, அது சுட்டுரும். இங்க அகலமாப் பரவ விடுதோம். வெறும் சூடுதான்."

டீச்சர் சிரித்தார். சிரிப்பு நிற்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்த மனைவியைப் பார்த்து, மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்தார் அருமைநாயகம். விஷயம் தெரிந்ததும் சுவரோரம் கிடந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு இருவரும் ஹோட்டலுக்குப் போனார்கள். டீச்சர் ஆறு இட்லி சாப்பிட்டார்.

தோள் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. தினம் சூடு வைத்து, சுவரில் விரல்களை மேலே மேலே நகர்த்திப் பழகி, கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் கை தலைக்கு மேலே போனது. கை முதுகுப் பக்கம் மட்டும் கடைசிவரை முழுதாக வளையவில்லை. அது பெரிய குறையாக டீச்சருக்குப் படவும் இல்லை.

ரோஸ் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. தான் கண்டதைத்தானே அவள் சொன்னாள். அடுத்த வருஷம் ரோசுக்கு மூட்டுவலி வந்தபோது டீச்சரே அய்யாக்குட்டியிடம் கூட்டிப்போனார். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு படுத்த ரோஸ், சூடு ஏற ஏறப் பிடியைத் தளர்த்தி, மெஷினை நிறுத்துமுன் குறட்டை விட ஆரம்பித்திருந்தாள்.