பின்கட்டு அடுப்படி

மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இறங்கியிருக்கிறேன். இங்குள்ள பழைய லயத்தை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடிக்காமல் புதுப்பிக்கப் போகிறார்கள். இளம் கட்டடக் கலைஞர் கவிதா வீடு வீடாக அளந்து வரைகிறாள். கடைசி வீட்டு சரோஜா அக்கா அவள் பின்னாலேயே நடக்கிறார்.

"பின்னால இருக்கிற தகர அடுப்படிய உடைச்சிருவீங்களாம்மா?"

"அது பிறகு சேர்த்ததுதானேக்கா. பழைய பிளான்ல இல்ல லா."

"நான் மழையில நனைஞ்சிக்கிட்டே சமைக்கிறேன்னு எங்க வீட்டுக்காரர் கட்டினது. போன வருசம் தவறிட்டாரு."

கவிதா கரி படிந்த அந்தக் கூரையை நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு அளவு நாடாவின் நுனியை அக்காவிடம் நீட்டுகிறாள்.

"அந்த மூலையில பிடிங்கக்கா. இதையும் வரையிறேன். இதுவும் இந்த வீடுதான்னு மீட்டிங்ல நான் பேசுறேன்."

அக்கா நாடாவை இரண்டு கையாலும் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்.