மேலகரத்துக்காரி குற்றாலம் பார்த்த கதை

நாற்பத்தோரு நாள் ஊர் சுற்றிவிட்டு, கேரள எல்லை தாண்டிப் புளியரை வளைவில் இறங்கும்போதுதான் பெரியம்மா வாயைத் திறந்தாள்.

"வீட்டுக்கு விடாதீங்க. நேரா குத்தாலத்துக்கு விடுங்க."

பெரியப்பா பிரேக்கை மிதித்தார். அடுக்கியிருந்த பாத்திரமெல்லாம் ஒரு குதி குதித்து அடங்கியது.

"நம்ம ஊருல என்னத்தப் பாக்க?"

"நம்ம ஊரத்தான் பாக்கணும்."

பெரியம்மா பேர் ஜெயசித்ரா. பெரியப்பா இசக்கியப்பன், ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு பள்ளிக்கூடம் தள்ளிவிட்ட வேனை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கி, கட்டிலும் கேஸ் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, கேரவன் என்று பெயர் சூட்டினார். மஞ்சள் பெயிண்ட் மட்டும் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடம் என்னைப் பிளஸ் ஒன்னோடு இறக்கிவிட்டது. நான் பள்ளிக்கூட வேனில் ஏறி இந்தியா பார்க்கக் கிளம்பினேன்.

பெரியம்மாவுக்கு வழியெல்லாம் ஒரு பழக்கம். எந்த ஊர் போனாலும் கோட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைப் பிடித்து, "நீங்க இதப் பாத்திருக்கியளா?" என்று கேட்பாள். பெரியப்பா தன் ராணுவ இந்தியில் அதை மொழிபெயர்ப்பார். ஹம்பியில் இளநீர் வெட்டியவள் சிரித்தாள். ஆக்ராவில் டீ போட்டவள் சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்து பதினெட்டு வருசம் ஆகிறது, உள்ளே போனதில்லை, வீட்டுக்கு விருந்தாளி வந்துகொண்டே இருப்பார்கள், அவர்களைத் தாஜ்மகாலுக்கு அனுப்பிவிட்டு ரொட்டி சுடுவேன் என்றாள். அன்றைக்குப் பெரியம்மா தாஜ்மகாலை விட அவளைத்தான் அதிகம் பார்த்தாள்.

காரணம் இருக்கிறது. பெரியம்மா வீடு மேலகரத்தில். அங்கிருந்து அருவி கூப்பிடு தூரம். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் சொந்தக்காரர்கள் வண்டி பிடித்து வந்துவிடுவார்கள். அவர்கள் குளிக்கப் போக, இவள் உலை வைப்பாள். அருவியில் குளித்தவன் பசிக்குப் பாறையைக் கொடுத்தாலும் தொட்டுக்கொள்ளச் சட்னி கேட்பான். இப்படி இருபத்தாறு வருசம். கடைசிச் சொந்தக்காரர் பஸ் ஏறிய பிறகு இவள் போய்ப் பார்த்தால், பாறையில் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருக்கும். தண்ணீர் கொட்டும்போது அதனடியில் ஒருநாள்கூட நின்றதில்லை.

"நம்ம டூர் முடிய இன்னும் ரெண்டு நாள் கெடக்கு. நாம வந்தது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது," என்றாள். "தெரிஞ்சா உலை வைக்கணும்."

அருவியை மறுநாளுக்கு வைத்துவிட்டு, முதல் நாள் தென்காசியைச் சுற்றினோம். ஜெய்ப்பூரில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியோடு பெரியம்மா கோவில் வாசலில் போய் நின்றாள்.

"எந்த ஊரும்மா?" என்றாள் பூக்காரி.

"தார்வாட்," என்று வழியில் பார்த்த கர்நாடக ஊரைச் சொன்னாள் கூசாமல்.

"கோபுர வாசல்ல காத்து ஆளத் தள்ளும். மொதல்ல எதுக்க நின்னு தள்ளும், பொறவு முதுகுல கை வச்சு உள்ள அனுப்பும். கண்ணாடியப் புடிச்சுக்கிடுங்க."

பெரியம்மா உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள்.

"ஏட்டி, நெசந்தான்! இத்தன வருசமா அடுப்புல வச்ச பால நெனச்சுக்கிட்டே போயிட்டு வந்திருக்கேன்."

சாயங்காலம் குற்றாலத்தில் வேனை நிறுத்தியதும் போன் வந்தது. பெரியப்பாவின் அக்கா, பேச்சித்தாய் அத்தை. ஊர் திருவேங்கடம். அங்கே மழையை நம்பித்தான் விதைப்பார்கள். தண்ணீர் என்றால் அத்தைக்கு உயிர்.

"சித்ரா, எங்க நிக்கிய? நாளைக்குக் காலைல ஒம்பது பேரு வாரோம்."

பெரியம்மா என்னைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். "கொச்சில நிக்கோம் மதினி. சாவி பக்கத்து வீட்டு உமா மகேஸ்வரிட்ட இருக்கு."

"அப்ப சோறு?"

"அரிசி டின்னுல இருக்கு."

போனை வைத்ததும் பெரியம்மாவுக்கு நினைப்பு வீட்டு அடுப்படிக்குப் போனது. "பருப்பு தீந்திருக்குமே," என்றாள்.

"வீட்டுக்கு விடவா?" என்றார் பெரியப்பா.

"சும்மா இருங்க. காலைல அருவி பாத்துட்டுத்தான் மத்தது."

காரியத்தைக் கெடுத்தது நான்தான். விடிந்ததும் வண்டி நிறுத்தத்தில் டிக்கெட் கிழிக்கும் மகாராஜா அண்ணாச்சி வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது என்ன வண்டி?"

"கேரவன்."

"கேரவன்னா சினிமாக்காரங்க வச்சிருப்பாங்களே, அதா?"

இவ்வளவு ஆசையாகக் கேட்கிறவரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? "மெல்லப் பேசுங்க அண்ணாச்சி. உள்ள மேடம் தூங்குதாங்க," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நான் பேஸ்ட் வாங்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் நாற்பது பேர் நின்றார்கள். எல்லோர் கையிலும் போன். வேன் கூரைமேல் குரங்குகள்கூட இடம் பிடித்துவிட்டன. கதவு திறந்தது. நைட்டியும், தோளில் துண்டும், வாயில் பிரஷ்ஷுமாக மேடம் இறங்கினாள்.

எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பிறகு கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "ஏலே, இது நம்ம மேலகரத்து இசக்கியப்பன் அண்ணாச்சி வீட்டு அக்கால்லா!"

பெரியம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "போச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"போகல பெரியம்மா. வீடியோ அத்தைக்குப் போயிச் சேருமுன்ன குளிச்சிருவோம்," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பேரருவியில் பெண்கள் பக்கம் நீள வரிசை. பெண் போலீஸ் விசில் ஊதி ஊதிப் பத்துப் பேராக அனுப்பினார். எங்களுக்கு முன்னால் மூன்றே பேர் இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொச்சி நல்லா இருக்கா?"

பேச்சித்தாய் அத்தை நின்றாள். கையில் போன். அதில் நைட்டியோடு பெரியம்மா திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "மதினி, நான் இதுல நின்னதே இல்ல."

"எதுல?"

"அருவில. தண்ணி விழும்போது."

அத்தை சிரித்தாள். பெரியம்மா முகத்தைப் பார்த்து, பாதியிலேயே நிறுத்தினாள். "வெளாடுதியா? வாசல்லதான கெடக்கு!"

"கெடக்கு. ஆனா சீசன்ல நீங்கள்லாம் வருவியள்லா."

குத்திக்காட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. மழை வரும்லா என்கிற மாதிரிதான் சொன்னாள். அத்தை கொஞ்ச நேரம் விரலை மடக்கி எதையோ எண்ணினாள், எத்தனை சீசனோ. விசில் ஊதினார்கள். அத்தை போனை என் கையில் திணித்துவிட்டு, பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

பெரியம்மா பூஜை அறைக்குள் போகிறவள் மாதிரி நேராகப் போய்த் தலையை நீட்டினாள். அருவி ஓங்கி ஒரு குத்துக் குத்தியது. தள்ளாடினாள்.

"தலையக் குடுக்காத! முதுகக் குடு! குனிஞ்சு முதுகக் குடு!"

தண்ணீருக்கே அலையும் ஊர்க்காரி, அருவிக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவளுக்கு எப்படிக் குளிப்பதென்று காட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முதுகில் தண்ணீர் விழுந்து உடைந்தது. சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அங்கே எல்லோர் முகமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வெளியே வரச் சொல்லி மூன்று தடவை விசில் ஊதினார்கள். அத்தைக்கு அன்றைக்குப் பார்த்துக் காது கேட்கவில்லை.

வேனடியில் மீதி எட்டுப் பேரும் நனைந்த கோழிகளாக நின்றார்கள். அத்தை மகன் மாரிச்செல்வம், போலீஸ் வேலைக்கு ஓட்டப் பயிற்சி எடுக்கிறவன், பெரியம்மாவைக் கண்டதும், "அத்த, பசி உயிர் போகுது. என்ன டிபன்?" என்றான்.

பெரியம்மாவின் கால் தானாக வேன் படியில் ஏறியது. அத்தை அவளைப் படியிலேயே உட்காரவைத்தாள்.

"ஏலே, ஒனக்குக் கையி ரெண்டும் இருக்குல்லா? உள்ள ரவ இருக்கும், கிண்டு."

"எனக்கா? உப்புமாவா?"

"பின்ன, ஒங்க தாத்தாவா வந்து கிண்டுவாரு? நாளைக்கு நான் இவள ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க வீட்டுல சோத்தப் பொங்கி வைங்க."

"அஞ்சும் ஒரே மாதிரியா அடிக்கும் மதினி?" என்று பெரியம்மா கேட்டாள்.

எந்தக் கிளை எப்படி அடிக்கும், எதில் நின்றால் மூச்சு முட்டும் என்று அத்தை சொல்லத் தொடங்கினாள். பெரியம்மா ஈரத் தலையோடு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே உப்புமா அடிப்பிடித்து, வாடை வெளியே வரை அடித்தது. பெரியம்மா மூக்கைச் சுளித்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.