பொட்டென்று போனவர்கள்

மார்பில் களிம்பைத் தடவும்போதே இருதயம்மாள் செத்தவர்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவார். “வூட்ல யாருனா பொட்டுனு பூட்டாங்களா?” படுத்திருப்பவர் அரண்டுபோவார். இருதயம்மாளுக்கோ அது நலம் விசாரிப்பது மாதிரி.

ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பது அவர் வேலை. வேலைக்காக வைத்த பெயரா, பெயருக்காகக் கொடுத்த வேலையா என்று கேட்பவர்களிடம், “ஞானஸ்நானம் குடுத்த சாமியாரக் கேளு” என்பார். காகித நாடாவில் விழும் அலைகளை அளக்க, மகனின் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து எடுத்த கவராயம் வைத்திருக்கிறார். மகனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, கவராயம் திரும்பவில்லை.

சென்ற மாதம் திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து தண்டபாணியும் அவர் மனைவியும் மகள் மல்லிகாவை அழைத்து வந்தார்கள். ஆலைச் சங்கு ஊதினால் மயங்கி விழும் பெண். வலிப்பென்று இரண்டு வருடமாக அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். இருதயம்மாள் அளந்து பார்த்தார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டிருந்தது. இது வலிப்பே இல்லை, இதயத் துடிப்பின் கோளாறு, பரம்பரையாக வரும், திடீரென்று உயிரை வாங்கும், பெற்றோரையும் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

தாயின் நாடா சரியாக இருந்தது. தண்டபாணி சட்டையைக் கழற்ற மறுத்தார். கட்டுமரம் தள்ளுகிற உடம்புக்கு என்ன நோய் என்று கேட்டார். இருதயம்மாள் தன் வழக்கமான கேள்வியைப் போட்டார்.

“எங்கண்ணன் பூட்டாரு. கடல்ல.”

“முழுகியா?”

“அவரா? எண்ணூர் வரிக்கும் நீஞ்சுவாரு. இடுப்பளவு தண்ணில வுழுந்தாரு, எய்ந்துக்கவேயில்ல.”

இருதயம்மாள் மிஷினை ஒரு தட்டு தட்டினார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

“இது பேஜாரு பண்ணிகினு கீது நைனா. கொயந்தைக்குத் தப்பா காட்டிச்சோ இன்னாவோ. கல்லு மாரி ஒரு ஆளு படுத்தா சரி பாத்துக்கலாம்.”

சொல்லிவிட்டு, வாசலில் இருமிக்கொண்டிருந்த காவலாளியை யோசனையோடு பார்த்தார்.

“அவனா? அவன் தேற மாட்டான்” என்று தண்டபாணி சட்டையைக் கழற்றினார்.

படுத்தபடியே மிஷினைக் கேலி செய்துகொண்டிருந்தார். நாடா ஓடியது. இருதயம்மாள் மகளின் நாடாவில் நீண்டிருந்த அந்த இடைவெளிக்குக் கவராயத்தை விரித்து, விரித்தது கலையாமல் தந்தையின் நாடாவில் வைத்தார். முனைகள் பிசகாமல் உட்கார்ந்தன.

“இன்னாம்மா, மிஷினு சரியா கீதா?”

“சரியா கீது நைனா.”

எழப்போன தண்டபாணியின் மார்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, அதை எடுக்காமலே இருதயம்மாள் டாக்டரைக் கூப்பிட்டார்.