கிழங்கில் ஒட்டி வந்த மண்

எனக்கு நாலாம் மாதம் நடந்தபோது மண் தின்னும் ஆசை வந்தது. மசக்கையில் சிலருக்கு மாங்காய், சிலருக்குப் புளி, சிலருக்கு மண். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது வாய் கிழியச் சொல்லுவேன். அப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. வன்னியில், தர்மபுரத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்களில் நடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் ஆசிரியை. ரீச்சர் மண் தின்கிறா என்று ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் போதும், பொழுதுபடுவதற்குள் சந்தி முழுக்க அதுதான் கதையாக இருக்கும்.

சும்மா மண் என்றாலும் பரவாயில்லை, காலடியில் கிடந்ததை அள்ளி வாயில் போட்டிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது மலைநாட்டு மண். தொண்ணூறுகளின் பின்பாதி அது. தெற்கே போகும் ஓமந்தைப் பாதை போரில் மூடிக் கிடந்தது. வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும், பாஸ் எடுக்கக் காரணம் வேண்டும். மண் தின்னப் போகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்லுவது?

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். தேயிலைச் சரிவிலேயே புதைத்தார்கள். ஆறு வயதில், இனக் கலவரத்தில் லயம் எரிந்த பிறகு, அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு லொறி ஏறி வன்னிக்கு வந்தார். அம்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எவ்வளவு முயன்றாலும் அவருடைய முகம் எனக்கு நினைவுக்கு வராது. வருவது ஒன்றுதான். நாங்கள் இருந்த காம்பரா, அதாவது லயத்து அறை, அதற்குப் பின்னால் மலையை வெட்டி எடுத்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மண்சுவர் நின்றது. மழை விட்டதும் அதில் நீர் கசியும், ஒரு மணம் வரும். அந்த மணத்தையே நான் அம்மா என்று வைத்துக்கொண்டிருந்தேன். முகம் இல்லாதவருக்கு மணமாவது இருக்கட்டுமே.

அப்பா எங்களோடுதான் இருந்தார், ஆனால் அவரிடம் கேட்டுப் பயனில்லை. மலையைப் பற்றிப் பேசமாட்டார், அம்மாவைப் பற்றி மூச்சே விடமாட்டார். “அங்க என்னா இருக்கு? அட்டையும் பனியுந்தான்” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கச்சான் கடலைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

கூத்தைப் பாருங்கள், அந்தத் தவணையில் பத்தாம் வகுப்புக்கு இலங்கையின் மண் வகைகள்தான் பாடம். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் எங்கள் காலடி மண்ணை எழுதுவேன். உலர்வலயத்துச் செங்கபில மண். காய்ந்தால் மண்வெட்டியைத் திருப்பி அனுப்பும், நனைந்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபக்கம் மலைநாட்டுச் செம்மஞ்சள் பொட்சோலிக் மண். ஓயாத மழை அதிலிருக்கும் உப்புகளையெல்லாம் கீழே கழுவிக்கொண்டு போய்விடுவதால் அது அமில மண். தேயிலைக்கு அந்தப் புளிப்புத்தான் பிடிக்கும். மேலே உக்கல் சேர்ந்த கறுப்புப் படை, அதன்கீழே மஞ்சள் கலந்த சிவப்பு, அதற்கும் கீழே உக்கத் தொடங்கிய பாறை. நிறம், இழையமைப்பு, கட்டமைப்பு, அமிலத்தன்மை என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். எனக்கு வாயூறும். எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். மணம் என்று ஒரு குணத்தைப் பாடப்புத்தகம் சொல்லவேயில்லை. எழுதியவர்களுக்கு மூக்கில்லையோ என்று எரிச்சலாக இருக்கும்.

என் கணவர் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர், வேதக்காரர். கடற்றொழில் படுத்துப்போன அந்த நாட்களில் சைக்கிளில் பெட்டி கட்டி, களப்பில், அதாவது கடலேரியில், பிடிபடும் மீனை வாங்கி வந்து எங்கள் பக்கம் விற்றார். மலையை அவர் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. என் ஆசையை அவரிடம் மட்டும் சொன்னேன்.

“நீர் தின்னாத சாமானுக்கு எப்பிடியப்பா உமக்கு ஆசை வரும்?” என்றார்.

“மூக்காலை மணந்திருக்கிறன்.”

“ஆறு வயசிலை மணந்ததோ! எனக்கு நேத்து வித்த மீனே நினைவில்லை.”

சிரித்தாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. போகிற வழியெல்லாம் மண் பொறுக்கத் தொடங்கினார். ஒருநாள் காட்டோரத்துப் புற்று மண். மாவாக இருந்தது, ஆனால் கறையான் வாடை. ஒருநாள் குளம் வற்றிய இடத்துக் களி. அதில் பாசி நாற்றம். இன்னொருநாள் றோட்டுக்குப் போடும் கிறவல்.

“சிவப்பாத்தானே கிடக்கு. மலை மண்ணும் சிவப்பெண்டுதானே சொன்னனீர்?”

“சிவப்பெல்லாம் ஒண்டில்லை. இது வெய்யிலிலை காஞ்ச சிவப்பு.”

ஒவ்வொன்றையும் வாழையிலைத் துண்டில் வைத்து, தண்ணீர் தெளித்து, முகர்ந்து, வகையும் குணமும் சொல்லித் தள்ளிவைத்தேன். “வகுப்பிலை பிள்ளையளுக்கு, வீட்டிலை மண்ணுக்கு. ரெண்டுக்கும் நீர் மார்க்ஸ் குறைச்சுத்தான் போடுவீர்” என்றார். கடைசியில் ஒரு பொட்டலம் கடற்கரை மணலைக் கொண்டுவந்து நீட்டினார். பகிடிக்குத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் ஊர் மணலைத் தொட்டுவிட்டு வர இவருக்கு முடிகிறதே என்று பொறாமையாக இருந்தது.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள், சந்திக் கடைக்கு உருளைக்கிழங்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இடைவேளைக்கு ஓடினேன். காட்டுப் பாதையால் சுற்றி வந்த லொறி. சோதனைச் சாவடியில் மூட்டைகளைக் கொட்டிக் கிளறித் திரும்ப அள்ளிப் போட்டிருந்தார்கள். அப்படியும் கிழங்குகளில் மண் அப்பிக் கிடந்தது.

“நுவரெலியாக் கிழங்கு ரீச்சர். மண்ணைப் பாத்தாலே தெரியுமே” என்றார் கடைக்காரர்.

ஒன்றை எடுத்து, வியர்த்திருந்த பெருவிரலால் தேய்த்து, யாரும் பார்க்காதபடி மூக்கருகில் கொண்டுபோனேன். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதேதான். மழை விட்டதும் கசியும் அந்தச் சுவர். என்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. அங்கேயே நக்கியிருப்பேன், ஆனால் சுற்றிவர என் பிள்ளைகளின் தாய்மார் நின்றார்கள். மண் கூடுதலாக ஒட்டிய கிழங்காகப் பார்த்துப் பொறுக்கினேன். மற்றவர்கள் மண் குறைந்ததைத் தேடிக்கொண்டிருந்ததால் கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. நல்ல காலம், என் கணவர் மீன் விற்று முடித்து வெறும் பெட்டியோடு அந்த வழியால் வந்தார். பையை அவரிடம் கொடுத்து, “வீட்டை கொண்டுபோய் வையுங்கோ. கவனம்” என்றேன். ஆட்களுக்கு முன்னால் அதற்குமேல் என்ன சொல்லுவது? மிச்சப் பாடமெல்லாம் பெருவிரலை மூக்கடியில் வைத்துக்கொண்டே படிப்பித்தேன். ரீச்சருக்குத் தடிமனாக்கும் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மணல் ஒட்டிய எதையும் வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள். மீனோ, வலையோ, பிள்ளையின் காலோ, கழுவிய பிறகுதான் வாசல் தாண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், குசினி வாசலில் சுளகு நிறையக் கிழங்குகள் முட்டை உரித்து வைத்ததுபோல மினுங்கிக்கொண்டிருந்தன.

“மூண்டு தண்ணியிலை கழுவினனான்” என்றார், பெரிய காரியம் செய்த முகத்தோடு.

“உங்களை ஆர் கழுவச் சொன்னது?” நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது.

“கவனமெண்டு சொன்னனீர். ஒரே ஊத்தையாக் கிடந்தது, வயித்துப் பிள்ளைக்காரி எண்டு...”

“அந்த ஊத்தைதானப்பா எனக்கு வேணும்! அந்த மண்தான்!”

அவர் முகம் விழுந்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனார். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“கிழங்கு முடிஞ்சுதாம். இன்னொண்டு சொல்லுவன், கோவிக்காதையும். அது நுவரெலியாக் கிழங்கே இல்லையாம். கப்பலிலை வந்ததாம். நல்ல விலைக்குப் போகட்டும் எண்டு வழியிலை ஆரோ மண்ணைக் குழைச்சுப் பூசியிருக்கிறாங்கள். லொறிக்காரன் இப்பதான் கடைக்காரரிட்டைச் சொல்லிச் சிரிச்சவனாம். மண் எங்கத்தையானோ, ஆருக்குத் தெரியும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. ஏதோ ஒரு தெருவோரக் குழியின் மண்ணை முகர்ந்துவிட்டு அம்மா என்று நான் அழுதிருந்தால், இத்தனை வருடம் நான் காப்பாற்றி வைத்திருந்தது என்ன? அந்த மணமும் பொய்யென்றால் அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுமேயில்லை.

கிணற்றடிக்குப் போனேன். முதல் தண்ணீரில் கிழங்கு கழுவிய சருவச்சட்டி இன்னும் அங்கேதான் இருந்தது. மேல்தண்ணீரை வாழைக்கு ஊற்றியிருந்தார். அடியில் ஒரு கரண்டியளவு சேறு படிந்து கிடந்தது. வகுப்பில் படிப்பித்ததையெல்லாம் செய்து பார்த்தேன். நிறம் மஞ்சள் கலந்த சிவப்புத்தான். விரலிடையே உருட்டினால் திரண்டு வந்தது, கொஞ்சம் நறநறத்தது. ஆனால் அப்படிப்பட்ட மண் ஈரவலயத்தில் எத்தனையோ இடத்தில் இருக்கும். முகர்ந்தேன். இப்போது என் மூக்கையே எனக்கு நம்ப முடியவில்லை.

அப்பா தோட்டத்தால் வந்து கால் கழுவ நின்றவர் எங்கள் கதையைக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து குந்தினார். என் கையிலிருந்து சட்டியை வாங்கி, ஒரு விரலால் சேற்றைத் தொட்டு முகர்ந்தார். பிறகு நாக்கில் வைத்தார்.

“நம்ம மண்ணுதான்” என்றார்.

“கிழங்கு பொய்யாம்பா. மண்ணப் பூசினதாம்.” அப்பாவோடு பேசும்போது எனக்கும் மலைநாட்டுப் பேச்சுத்தான் வரும்.

“கெழங்கு பொய்யா இருந்துட்டுப் போவுது. நல்லா ஏமாத்தணும்னா மண்ணையாச்சும் நெசமாக் கொண்டாரணுமில்ல?” விரலை இன்னொரு முறை நாக்கில் வைத்துக்கொண்டார். “நீ வயித்துல இருக்கறப்ப ஒங்கம்மா இதத்தான் தின்னுச்சு. காம்பராவுக்குப் பின்னால ஈர மண்ண நகத்தால சொரண்டிச் சொரண்டித் தின்னும். வேணாம்னு ஏசுவேன், கேக்காது. கடசீல நாந்தான் மேல ஏறி, வேர் இல்லாத நல்ல மண்ணா எடுத்துக் குடுப்பேன். அந்தச் செவுத்துல ஒங்கம்மா சொரண்டின குழி, நாம லொறி ஏறுற அன்னிக்கும் இருந்துச்சு.”

அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. எல்லாம் மண்ணென்று இத்தனை வருடம் உதறிவிட்டுப் போனவர், சட்டியைக் கீழே வைக்காமல் மடியில் ஏந்தியிருந்தார். குசினி வாசலில் நின்ற என் கணவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

சட்டியின் அடியை அப்பா சுற்றி வழித்தார். இரண்டு வாய்க்குத்தான் இருக்கும். முதலாவதை என் வாயருகே நீட்டினார். தின்றேன். புளிப்பாக, குளிராக இருந்தது. பல்லில் நறநறத்தது. அழுகையும் மண்ணும் ஒன்றாக இறங்கின. இரண்டாவதையும் நீட்டினார். நான் அவருடைய கையைப் பிடித்து அவர் வாய்ப்பக்கம் திருப்பினேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

இருபது வருடத்துக்கு மேலாகத் தொண்டையில் நின்ற கேள்வியை அப்போதுதான் கேட்டேன். “அம்மா எப்பிடிப்பா இருப்பாங்க?”

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கெழங்கக் கழுவிட்டாருன்னு கொஞ்ச முன்ன கத்துனியே, அப்ப ஒம் மூஞ்சி எப்பிடி இருந்துச்சு? அதே மூஞ்சிதான்.”