வீரலட்சுமியின் மன்னிப்புக் கடிதம்

வீரலட்சுமி அக்காளை வாய் கெட்டவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பன்னிரண்டு வருடமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிறவள் நான்.

அவள் பிறந்தது போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில். சரிவில் கால் வழுக்கினால் அவள் ஆத்தா போடுகிற சத்தம், "மூதேவி, பாத்து எறங்குடி!" காய்ச்சலில் கஞ்சி ஊட்டும்போதும் மூதேவிதான். கல்யாணமாகிப் போடிக்கு வந்து, எங்கள் கடையில் சேர்ந்து இருபத்தெட்டு வருடம். எங்களையும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவள் திட்டாத நாளில், உடம்புக்கு முடியவில்லையோ என்று பயப்படுவோம்.

போன மாதம் சுகன்யா வேலைக்கு வந்தாள். பி.காம் படித்த பிள்ளை. மதியம் சாப்பிடாமல் இருந்தவளிடம் அக்காள் தன் தூக்குச்சட்டியை நீட்டி, "தின்னு, மூதேவி" என்றாள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே எழுந்து போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டது.

முதலாளி மகன் சூர்யபிரகாஷுக்கு இருபத்தாறு வயது. "கெட்ட வார்த்தை பேசுனா இங்க வேலை கெடையாது. மன்னிப்பு எழுதிக் குடு" என்றான். அக்காள் நேரே சுகன்யாவிடம் போனாள்.

"எதுக்குத்தா அழுத?"

"எங்கப்பா செத்ததுலருந்து எங்கம்மாவ வீட்ல அப்படித்தான் கூப்பிடுறாங்க. காலையில அவங்க மூஞ்சில முழிக்கக் கூடாதாம்."

அக்காள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "இனிமே என் வாயில அது வராது, தாயி" என்று சொல்லி, சுகன்யாவையே கடிதம் எழுதச் சொல்லிக் கையெழுத்தும் போட்டாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தப்பு தப்புதான்.

சூர்யபிரகாஷ் கடிதத்தை வாங்கி மடித்தான். "சரி வீரலட்சுமி, போ. போயி வேலையப் பாரு."

எனக்குக் கொதித்தது அங்கேதான். அவன் அம்மாவைவிட மூத்தவள் அவள். அவன் தாத்தா "ஏடி" என்று கூப்பிட்டார், அப்பா "ஏ புள்ள" என்றார், இவன் பேர் சொல்லி வா, போ என்கிறான். மூன்று தலைமுறையாக இதற்கு யார் புகார் எழுதினோம்? இதுவும் வசவுதான் என்று எங்களுக்கே தோன்றவில்லையே!

அக்காள் நகரவில்லை.

"போங்கன்னு சொல்லுங்க தம்பி, போறேன்."

அவன் சிரித்துக்கொண்டே எங்களைப் பார்த்தான். எங்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கையும் முறத்தில் அப்படியே நின்றிருந்தது.

சுகன்யா எழுந்து போய் ஒரு வெள்ளைத்தாளை அவன் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க சார்" என்றாள்.