ஹாக்கிக்கு இரண்டு வரிசை

அன்று பிரட்டுக் களத்தில் இருந்தவர்கள் இவர்கள். பெரிய துரைக்கு அடுத்த மேனேஜர் சின்னத்துரை, கையில் பந்தோடு. ஆபீஸ் கணக்கெழுதும் மலையாள ரைட்டர் மத்தாயி, குடையோடு. எங்கள் கங்காணி வீரணன். அவர் மகன் லட்சுமணன். ஃபாக்டரியில் இலை வாட்டும் யாக்கோபு. கொழுந்தெடுக்கும் மாரியக்கா; கங்காணிக்கு மதினி முறை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் நான். என் மகன் பரமன். மற்றப் பையன்கள் முப்பது பேருக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை காலை. வேலை இல்லாத நாளில் ஆள் கணக்கு எடுக்கிற களத்தில் வந்து நின்றது எங்களுக்கே புதுசு. என்னவோ ஏதோ என்று பெண்டுகள் லயத்து வாசலில் நின்று பார்த்தார்கள்.

காரியம் ஹாக்கி. கீழே இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. வளைந்த கம்பால் சின்னப் பந்தை அடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். மலையாளச் சீமையில், சாந்தன்பாறைக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் சின்னத்துரை வந்து கொண்டுவந்தது. கம்பு போதாததால் பையன்கள் கொய்யாக் கிளையை நெருப்பில் வாட்டி வளைத்துக்கொண்டார்கள். போடிக்குக் கீழே எங்கள் ஊரில் ஆட்டம் என்றால் சடுகுடுதான். வந்தவன் ஆடுவான். ஆள் கூடினால் ரெண்டு பக்கமும் கூடும். நன்றாக ஆடுகிறவன், ஆடாதவன் என்று யாரும் பிரித்ததில்லை. இங்கே பதினொரு பேர்தான் ஆடலாம். மிச்சம் பேர் வெளியே. என் மகனுக்கு ஓட்டம் சுமார். அதனால் எப்போதும் வெளியேதான். பந்து தேயிலைக்குள் போனால் எடுத்து வருவான். அவ்வளவுதான் அவனுக்கு ஆட்டம். வீட்டுக்கு வந்ததும் காலில் ஒட்டின அட்டையை உப்பு வைத்து எடுப்பாள் அவன் தாய். விட்டுத்தொலை என்பாள். ஆனாலும் அவன் அடுத்த வாரமும் போவான். இந்த முறையும் இடம் இல்லை என்றால் அவன் விட்டுவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. அவன் முகம் அப்படி இருந்தது.

சின்னத்துரைக்குத் தமிழ் வரும், உடைந்து வரும். "தினம் நாலு மணிக்கு வர்றவன், நல்லா ஆடுறவன், அவன் ஒரு டீம். ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றவன், சும்மா ஆசைக்கு ஆடுறவன், அவன் வேற டீம். ரெண்டுக்கும் வேற வேற லீக். பக்கத்து எஸ்டேட்லயும் இப்படித்தான்" என்றார்.

யாக்கோபு ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டாவது டீமுன்னா எல்லாம் ரெண்டாவதாத்தான் வரும், துரை. நைஞ்ச பந்து, ஒடஞ்ச கம்பு."

"பந்து ஒண்ணுதான். கம்பு ஒண்ணுதான்" என்றார் துரை.

கங்காணிக்கு வேறு கவலை. "தினம் நாலு மணிக்கு இவனுக போயிட்டா மிச்சக் கொழுந்த யாரு எடுக்கிறது?"

"உன் மீசைய விட்டு எடுக்கச் சொல்லு, வீரணா" என்றாள் மாரியக்கா. துரைக்கு அது புரியவில்லை. எல்லோரும் சிரித்ததால் அவரும் சிரித்தார்.

கடைசியில் ரைட்டர் குடையால் தரையில் ரெண்டு கோடு போட்டார். தினம் வருகிறவன் முன்னால், ஞாயிறு மட்டும் என்றால் பின்னால். "ரெண்டு வரியாயிட்டு நில்க்கு" என்றார். பையன்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் போய் நின்றார்கள். இடம் போதாமல் தோளோடு தோள் இடித்தார்கள். பின்வரிசையில் ஒரு குஞ்சு இல்லை. துரைக்குச் சந்தோஷம். எல்லாரும் தினம் வருவீங்களா என்று கேட்டார். பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். "எந்தா ஈ பாண்டிக்காரு இங்ஙனே?" என்று, இந்தத் தமிழர்கள் ஏன் இப்படி என்கிற மாதிரி, ரைட்டர் தலையில் கைவைத்தார்.

அவருக்குத் தெரியாது. அவர் ஆபீசுக்குள் இருக்கிறவர். காலைப் பிரட்டில் முன்வரிசை முழுப் பேர். பின்வரிசை அரைப் பேர். சின்னப் பிள்ளைகளும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களும், பிள்ளை பெற்று வந்தவர்களும் நிற்கிற இடம் அது. அவர்களுக்குப் பாதிக் கூலி. பின்வரிசையில் நின்றவனை முன்வரிசைக்கு ஏற்றுகிறது லேசு இல்லை. பரமன் அந்த மழைக்காலத்தில்தான் முன்வரிசைக்கு வந்திருந்தான். அதற்கு நான் கங்காணியிடம் எத்தனை நடை நடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அவன் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணைக் காட்டினேன், போகாதே என்று. ஆட்டத்துக்குப் போட்ட கோடு என்று புத்திக்குத் தெரிந்தது. கால் நம்பவில்லை. அங்கே நின்ற அத்தனை தகப்பன்மாருக்கும் அதே பயம்தான்.

அப்போது லட்சுமணன் நகர்ந்தான். பையன்களில் அவன்தான் நல்ல ஆட்டக்காரன். கங்காணி மகன் வேறு. நேரே போய்ப் பின்வரிசையில் தனியாக நின்றான்.

கங்காணிக்கு முகம் கறுத்துவிட்டது. "டே, அங்க ஏன்டா போற? அது அரைப் பேரு வரிசைடா."

"எனக்கு இனிமே சாயங்காலம் ஃபாக்டரி வேலைங்கய்யா. ஞாயித்துக்கிழமதான் தோதுப்படும்."

"மானத்த வாங்காதடா. இந்தப் பக்கம் வா."

"நாளைக்கு எனக்கு அரைப் பேரா போடப் போறீக?"

கங்காணி வாயெடுக்கும் முன் மாரியக்காதான் சொன்னாள். "போடட்டுமே பாப்போம். ராத்திரி வீரணனுக்கு வீட்டுல அரைச் சோறுதான்."

கங்காணியே சிரித்துவிட்டார். துரையிடம் போய், பின்வரிசை என்றால் அரைப் பேர் என்ற சங்கதியைச் சொன்னார். துரை கோட்டைக் காலால் அழித்தார். முன்னால் பின்னால் இல்லை, களத்துக் கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டீம், இந்தப் பக்கம் ஒரு டீம் என்றார். அதற்கு முன்னாலேயே பையன்கள் லட்சுமணனிடம் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். பரமன் என்னைப் பார்த்தான். போ என்றேன். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. ஊரை விட்டு வந்த பிறகு இப்படி லேசாக இருந்த நாள் அதிகம் இல்லை.

ஞாயிறு டீமின் முதல் ஆட்டம் போடிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு. அங்கேயும் ஹாக்கி வந்துவிட்டிருந்தது; மலைப்பாதை ஏறி, மெட்டு தாண்டி வந்தார்கள். அவர்களோடு என் தம்பியும் வந்தான். அவன் மகன் அந்தப் பக்கத்தில் ஆடினான். தம்பி ஊரிலேயே இருந்துவிட்டவன். நிலம் பார்க்கிறான். நாங்கள் ரெண்டு பேரும் களத்து ஓரத்தில் ஒரே கல்லில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் மூச்சு வாங்கினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். பரமன் ஒரு தரம்கூட வெளியே வரவில்லை. பந்து தேயிலைக்குள் போனபோது வேறு யாரோ எடுக்கப் போனார்கள். அவன் பழக்கத்தில் ரெண்டு எட்டு வைத்துவிட்டு நின்றுகொண்டான். தம்பி மகன் நல்ல வேகம். பரமனைத் தாண்டிப் போய் ஒரு கோல் போட்டான். நான் கை தட்டினேன்.

"என்னண்ணே, இவனுக்கும் தட்டுற?" என்றான் தம்பி.

"அவனும் நம்ம பிள்ளதானப்பா."

"அப்ப இந்த மலையாளத்தானுக்கு?" என்று பரமனைக் காட்டினான். கேலிதான். இங்கே ரைட்டருக்கு நான் பாண்டிக்காரன். அங்கே தம்பிக்கு என் மகன் மலையாளத்தான்.

அவர்கள் போட்டது ஐந்து. எங்கள் பிள்ளைகள் போட்டது இரண்டு. நான் கை தட்டியது ஏழு.